ஆடாத ஒரு படம்

மார்கழி மாசம் விடிகாலையில் குளத்தங்கரைக்கு வருகிறவர்கள் ரெண்டே ரகம்தான். டாக்டர் நடக்கச் சொன்னதால் குல்லாவும் மப்ளருமாக வந்து, நடப்பதைவிட அதிகமாகப் பேசிவிட்டுப் போகிற சர்க்கரைக்காரர்கள் ஒரு ரகம். கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, ஊரில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத கொக்கையும் மைனாவையும் சாமி தரிசனம் மாதிரி எட்டி எட்டிப் பார்க்கிற கிறுக்குகள் இன்னொரு ரகம். வசந்தாமணி ரெண்டாவது ரகம். வாரத்தில் ஆறு நாள் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. ஏழாவது நாள் இந்தக் குளம், இந்த மதகுக் கல், இந்தப் பனி. கல்லின்மேல் கொள்ளு நிரப்பிய பையை வைத்து, அதன்மேல் லென்ஸை வைத்து, வலது கையைப் பார்த்தாள். கை சும்மா இருந்தது. பார்த்தால் சும்மாத்தான் இருக்கும், திருட்டுக் கழுதை. பார்க்காதபோதுதான் அதன் வேலை எல்லாம். நேற்று ராத்திரி கவினின் அம்மா இந்துமதி போன் பண்ணியிருந்தாள். "திங்கக்கிழமை கவினைக் கூட்டிட்டு வர்றமுங்க்கா, நீங்க இருப்பீங்கல்லங்க்கா? நீங்க இல்லீன்னா நாங்க செவ்வாக்கிழமை வந்துக்கறமுங்க." இருப்பேன் கண்ணு, எங்கே போகப்போறேன் என்று சொல்லியாயிற்று. சொல்லும்போது போன் காதில் டக்டக்கென்று தோட்டில் இடித்தது. தோடு ஆடினால் போனா, கையா, தலையா? போன் நடுங்காது. அது அவளுக்கும் தெரியும்.

கவினுக்கு நாலு வயசு. ரத்தத்தில் ஏதோ கோளாறு, மாசாமாசம் எடுத்துப் பார்த்துத்தான் மருந்தின் அளவைச் சொல்லுவார்கள். பையன் கொழுகொழுவென்று இருப்பான், மருந்தில் ஊதிய உடம்பு, கையில் நரம்பு இருக்கிற இடமே தெரியாது. கண்ணால் தேடினால் சத்தியமாகக் கிடைக்காது. விரல் நுனியால் தடவிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் மெத்தென்று எழும்பி அமுங்கும், அங்கேதான். அதுவரைக்கும் அவன் பேச்சை விடக்கூடாது. செம்போத்து எப்படிடா கத்தும், கண்ணு? அவன் யோசிப்பான். உம்ம் உம்ம் என்று தொண்டைக்குள்ளே சத்தம் போட்டுப் பார்ப்பான். அவன் ரெண்டாவது 'உம்ம்' சொல்லுவதற்குள் ஊசி போய், குழாய் நிறைந்து, பஞ்சு வைத்தாகிவிடும். அப்புறம் தன் கையைத் தானே பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்பான். அந்த 'முடிஞ்சுதா'வுக்காகத்தான் அந்த அம்மா சூலூர்ப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறாள். ஒரே குத்து. வசந்தாக்காவிடம் போனால் ஒரே குத்து என்று பெத்தவர்கள் நடுவில் ஒரு பேர். பேர் என்பது லேசுப்பட்டதா? இருபது வருசம் சோறு போட்ட பேர். அதைவிட, சோறு கிடக்கட்டும், அவளை அவளுக்கே பிடிக்கும்படி வைத்திருந்த பேர்.

எதிரே தண்ணீர் ஓரமாக மடையான் என்கிற குளத்துக்கொக்கு நின்றது. மடையானை யாரும் மதிப்பதில்லை. உட்கார்ந்திருந்தால் சாக்குத் துணி, பறந்தால் வெள்ளை வேட்டி. சேற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாமல் நின்று, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கடன் கேட்க வந்தவன் மாதிரி ஒன்றுமே பேசாமல் இருக்கும். வசந்தாமணிக்கு இதுமாதிரி சாதாரணப் பட்சிகள்தான் பிடிக்கும். குளத்துக்கு மேற்குக் கரையில் ஏதோ தூரதேசத்து வாத்து வந்திருக்கிறதாம், ஆளாளுக்கு அங்கே ஓடுகிறார்கள். ஓடட்டும். தினமும் இருக்கிறதை ஒருநாள் சரியாகப் பார்த்துவிட்டால் அதுவே பெரிசு. இன்றைக்கு அவளுக்கு வாத்தும் வேண்டாம், மயிலும் வேண்டாம். இன்றைக்கு ஒரு பந்தயம். வண்டியில் வரும்போதே தனக்குள் கட்டிக்கொண்ட பந்தயம். ஒரே ஒரு படம். ஒரே ஒரு அமுக்கு. அது ஆடாமல் விழுந்துவிட்டால் நாளைக்குக் கவினுக்கு நானே எடுப்பேன். ஆடிவிட்டால்... ஆடிவிட்டால் என்கிற இடத்தில் மனசு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுகிறது. கோயிலில் பூவாக்குக் கேட்கிறோமே, வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப்போட்டு, வெள்ளை வந்தால் நல்லது என்று, அந்த மாதிரி. கேமராதான் சாமி, மடையான்தான் பூசாரி என்று நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் லென்ஸ் அசைந்தது. சரி, இது கணக்கில்லை.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, மீதியைப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, அமுக்கினாள். படத்தைப் பெரிசு பண்ணி மடையானின் கண்ணைப் பார்த்தாள். கண்ணைத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் கண்ணுக்குள்ளே வெளிச்சம் புள்ளியாக நின்றால் படம் ஆடவில்லை. கோடாக இழுத்திருந்தால் ஆடிவிட்டது. கோடு. கொஞ்சம்தான், நூலிழை அளவு. வெளிச்சம் பத்தாது, பனி வேறு, சூரியன் இன்னும் தென்னந்தோப்பைத் தாண்டவில்லை, இந்த வெளிச்சத்தில் எவன் எடுத்தாலும் இழுக்கத்தான் செய்யும். இது பழகுகிறதுக்கு எடுத்தது. அழித்தாள். அழிக்கிற பொத்தானை அமுக்கும்போது மட்டும் கட்டைவிரல் என்ன நேர்த்தியாகப் போகிறது பாருங்கள், ஒரு நடுக்கம் கிடையாது.

கண்ணுக்கு முன்னால் வாலாட்டி ஒன்று ஓடி வந்தது. குளிர்காலத்துக்கு எங்கிருந்தோ வருகிற பட்சி, கல்லுக்குக் கல் ஓடி, நின்ற இடத்தில் எல்லாம் வாலை ஆட்டும். அதற்கு அது குணம், ஆட்டாவிட்டால்தான் வியாதி. ரெண்டு படம் அடித்தாள். ரெண்டும் ஆடியது. ஆனால் இது ஆடுகிற பட்சிதானே? வால் ஆடினதா, கை ஆடினதா என்று எப்படிச் சொல்ல? தலையைப் பார். தலையும் இழுத்திருந்தது. அழித்தாள். பூவாக்குக் கேட்கிறவர்களும் இப்படித்தான். வேண்டாத பூ வந்துவிட்டால், சாமி இன்னும் முழிக்கவில்லை, தீபம் காட்டாமல் கேட்டுவிட்டோம் என்று இன்னொருதரம் போடுவார்கள். அவள் கல்யாணத்துக்கே அவள் அம்மா மூணுதரம் போட்டாள். மூணாவதில் வெள்ளை வந்தது. மாப்பிள்ளை நாச்சிமுத்து ஒன்றும் மோசமில்லை, கிரைண்டர் கம்பெனியில் சூப்பர்வைசர், கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அப்படியானால் முதல் ரெண்டு தடவை வந்த சிவப்புக்கு என்ன அர்த்தம்? யாரும் கேட்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஐப்பசியிலிருந்து காபியை அரை டம்ளர்தான் கொடுக்கிறாள். நிறைய ஊற்றினால் கொண்டுவந்து வைப்பதற்குள் டபராவில் கால்வாசி. "ஏம்மா, காபிக்கு ரேஷன் போட்டுட்டியா?" என்று நேற்றுக்கூடக் கேட்டார். "சர்க்கரை வராம இருக்கட்டும்னுதான்" என்றாள். நல்ல பதில். இப்போதெல்லாம் அவளுக்குப் பதில்கள் மட்டும் ஆடாமல் வருகின்றன.

இது ஆரம்பித்த புதிதில் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டாள். போட்டோ எடுக்கிற புத்தி அப்படி. படம் கலங்கினால் லென்ஸ், லென்ஸ் சரியென்றால் வெளிச்சம், வெளிச்சம் சரியென்றால் பட்சி. கடைசிவரைக்கும் கை என்று யாருக்கும் தோன்றாது. லென்ஸைக் கழற்றி, துணியில் சுற்றி, டவுனில் ரிப்பேர் பார்க்கிற பையனிடம் கொடுத்தாள். ஒரு வாரம் வைத்திருந்து, "லென்ஸு தங்கமாட்டம் இருக்குதுங்க்கா, பூஞ்சைகூடப் பிடிக்கல" என்று திருப்பிக் கொடுத்தான். அவனோடு சண்டை. உனக்குத் தொழில் தெரியலை, சரியாப் பார்த்தியா, உள்ளே ஏதோ லூசா இருக்குது. இருந்தது, உள்ளேதான் இருந்தது, லென்ஸுக்குள்ளே இல்லை. அதற்கப்புறம் பறக்கிற பட்சியை விட்டாள். உட்கார்ந்திருக்கிறதுதான் அழகு என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம் கையில் பிடித்து எடுப்பதை விட்டாள். பழைய சுடிதாரைத் தைத்துக் கொள்ளு நிரப்பிப் பை செய்தாள். எல்லாரும்தானே பை வைக்கிறார்கள், வசதிக்கு. அப்புறம் ஒரே படத்துக்குப் பத்து அடிப்பது, இருபது அடிப்பது, அமுக்கியபடியே விட்டால் தையல் மிஷின் மாதிரி கடகடவென்று ஓடும், அதில் ஒன்றாவது தேறும். தேறினதை வைத்துக்கொண்டு மீதியை அங்கேயே அழிப்பது. அந்த ஒன்றைத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குரூப்பில் போடுவாள். ஆகா, என்ன கூர்மை, என்ன கை என்று வந்து விழும். என்ன கை! படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நம்புவாள். படம் ஆடவில்லை, ஆகவே கை ஆடவில்லை. இதைவிட நல்ல கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

பனி மெல்ல மேலே எழும்பியது. நடுத்தண்ணீரில் நாமக்கோழிகள் கூட்டமாக, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு, விசேஷ வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி போயின. கோயில் மைக்கில் பாட்டு நின்று, யாரோ தொண்டையைக் கனைத்து, பொங்கல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல காலை. பயப்படுவதற்கு ஏற்ற காலையே இல்லை. வலது கையை எடுத்து மடியில் மல்லாத்தி வைத்தாள். போனில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. நடுக்கத்தில் ரெண்டு விதமாம். கை சும்மா கிடக்கும்போது நடுங்கினால் அது ஒரு வியாதி, பேரைச் சொல்லவே வேண்டாம். வேலை செய்யும்போது மட்டும் நடுங்கினால் அது வேறே, அது பரம்பரையாக வரும், ஆளை ஒன்றும் பண்ணாது. அப்பாவுக்கு ரெண்டாவதுதான் இருந்திருக்க வேண்டும். பந்தியில் ரசத்தைக் கையில் வாங்கமாட்டார். நாலு பேர் முன்னால் கையெழுத்துப் போடமாட்டார். தண்ணி போடுகிற கை என்று ஊரில் சொல்லுவார்கள். அவர் பீடிகூடக் குடித்ததில்லை. எண்பது தாண்டி, பல்லெல்லாம் கொட்டி, நடுங்கிக்கொண்டே நன்றாகத்தான் இருந்துவிட்டுப் போனார். அப்படியென்றால் கவலை இல்லை. ஆனால் போன வாரம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, கை மடியில் கிடக்கும்போது, கட்டைவிரல் தானாக ஒருதரம் துள்ளியதே? துள்ளியதா, துள்ளுகிறதா என்று பார்ப்பதற்காக இவளே துள்ள வைத்தாளா? இப்போது மடியில் கிடக்கிற இந்தக் கை சும்மா கிடக்கிறதா, இல்லை சும்மாக் கிடக்க வேண்டும் என்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறதா? பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பக்கத்தில் நின்று முறைத்துப் பார்த்தால் அது எழுதுமா? மனசு மாட்டு ஈ மாதிரி. எத்தனை விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றி, அதே புண்ணில்தான் வந்து உட்காருகிறது. எந்த விதமாகத்தான் இருக்கட்டும், அப்பாவுக்கு என்ன, அவர் கையில் ஊசி இல்லை.

பயமாக இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பயம்தான். வியாதிக்குக்கூட அவ்வளவு இல்லை. நாளைக்குக் காலையில் கவின் அந்த உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கையை அவனாகவே நீட்டுவான். அவனாகவே நீட்டுவான், அதுதான் பயம். மற்றப் பிள்ளைகளை நாலு பேர் பிடிக்க வேண்டும். இவன் மட்டும், வசந்தாக்கா என்றால் வலிக்காது என்று நம்பி, சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டு நீட்டுவான். போன மாசம் ஊசி சரியாகத்தான் போனது. கையை மேஜையில் ஊன்றி, மணிக்கட்டை அவன் கைமேலேயே சாய்த்து, எப்படியோ போய்விட்டது. அவன் 'முடிஞ்சுதா' என்று கேட்டான். முடிந்தது. ஆனால் போகிறதுக்கு முன்னால் ஊசி முனை அந்தப் பிஞ்சுத் தோலுக்கு மேலே, காற்றில், ஒரு சின்ன வட்டம் போட்டதே, அதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காதது நடக்காததுதானே என்று ஒரு மாசம் ஓட்டியாயிற்று.

"ஏம்மா வசந்தா, கொக்கு என்ன சொல்லுது?" என்று பின்னால் குரல் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. தேவசகாயம் சார். பஸ் கார்ப்பரேஷனில் ரிட்டையர் ஆனவர், ஆளைவிட லென்ஸ் பெரிசு, அவரை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கல்லில் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, சுக்குக் காபியை மூடியில் ஊற்றி நீட்டினார். "வேண்டாமுங்க சார், குடிச்சுட்டுத்தான் வந்தேன்." "இந்தக் குளிர்ல எத்தனை குடிச்சா என்ன? பிடிம்மா." "அப்பிடி வெச்சிருங்க சார், ஆறட்டும்." வைத்தார். ஆவி பறக்கிற காபியை அவள் தொடவில்லை. மூடி சின்னது, விளிம்புவரைக்கும் ஊற்றிவிட்டார் மனுசன். குடிக்க ஆசையாக இருந்தது, சுக்கு வாசனை மூக்கைத் துளைத்தது. அவர் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தால் ரெண்டு கையாலும் பிடித்து ஒரே மடக்கில் குடித்துவிடலாம். அவர் திரும்புவதாகக் காணோம். "போன வாரம் போட்டியே மீன்கொத்தி, அடடா, றெக்கையில ஒவ்வொரு இழையும் தனித்தனியா எண்ணலாம் போல இருந்துச்சு. எத்தனை அடிச்சே?" "நாலஞ்சு இருக்குமுங்க சார்." "நாலஞ்சுலயா! என் வீட்டுக்காரிகிட்டக் காட்டினேன், பாரு, இது கைன்னு. நானெல்லாம் நூறு அடிச்சா ஒண்ணு தேறும்." கேமராவைத் திருப்பிக் காட்டினார். ஒரே கரிச்சான், ஒரே கம்பி, கலங்கிக் கலங்கி வரிசையாக ஓடியது. அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, சிரித்தார். "அழிச்சாப் போச்சு! யாரு கேக்கப்போறா? நூறு தப்பு பண்ணினா பட்சிக்கென்ன வலிக்கவா போகுது?" அவளும் சிரித்தாள். அந்நேரம் மேற்குக் கரையிலிருந்து யாரோ கையை ஆட்டிக் கூப்பிட, "வாத்து வெளிய வந்திருச்சாட்டிருக்கு, வர்றேம்மா, மூடி அங்கயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கறேன்" என்று லென்ஸ் முன்னால் போக அவர் பின்னால் ஓடினார்.

ரெண்டு கையாலும் மூடியை எடுத்துக் குடித்தாள். கால்வாசி சேலையில். நன்றாக இருந்தது, காரமாக, தொண்டைக்கு இதமாக. பட்சிக்கென்ன வலிக்கவா போகுது. உண்மைதான், மனுசன் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? மடையானுக்குத் தெரியாது, வாலாட்டிக்குத் தெரியாது, தங்களை நூறுதரம் கலங்கலாக எடுத்து நூறுதரம் அழித்தது. அதுகள் பாட்டுக்கு மீன் பிடிக்கும், பூச்சி பிடிக்கும். வலிக்கவா போகுது. வாக்கியம் சேலையில் ஒட்டிய நாயுருவி மாதிரி கூடவே வந்தது. உதறினாள், போகவில்லை. வேறே நினைக்கலாம் என்று பொங்கலுக்கு ஹாஸ்டலில் இருந்து மகன் வருவதை நினைத்தாள், அவனுக்குப் பிடித்த கொள்ளுத் துவையலை நினைத்தாள், அம்மியில் அரைக்கும்போது கை ஆடுமா, அரைக்கும்போது ஆடினால் நல்லதுதானே, தானாக அரைபடும் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். வலிக்கவா போகுது. நாலஞ்சு என்று வாய் கூசாமல் சொன்னோமே. இருநூறு. மீன்கொத்திக்கு இருநூறுக்குமேல் அடித்து, அங்கேயே, இதே கல்லில் உட்கார்ந்து, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அழித்தோம்.

அப்போதுதான் கீரி வந்தது. எதிரே கரையின் கற்குவியலுக்குள்ளிருந்து மூக்கு முதலில் வந்தது, அப்புறம் தலை, அப்புறம் முன்னங்கால் ரெண்டையும் கல்மேல் வைத்து நிமிர்ந்து, வெயில் எங்கே என்று பார்க்கிற மாதிரி நின்றது. சூரியன் தென்னந்தோப்பைத் தாண்டிவிட்டிருந்தது. வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்தது. வசந்தாமணி எதையும் நினைக்கவில்லை. மூச்சை நிறுத்தினாளா, முழங்கையை ஒட்டினாளா, ஒன்றும் ஞாபகமில்லை. ஒரே ஒரு அமுக்கு. கீரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உனக்கு வேறே வேலையில்லையா என்பதுபோல் திரும்பி, கல்லுக்குள் போய்விட்டது. இன்னொன்று எடுக்க வழியே இல்லை. படத்தைப் பெரிசு பண்ணினாள். பெரிசு பண்ணுகிற விரல் நடுங்கியது, இருந்தும் பண்ணினாள். கண். அதில் வெளிச்சம் புள்ளி. கோடில்லை, இழுப்பில்லை, குண்டூசித் தலை மாதிரி ஒரே புள்ளி. மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனி. மூக்கின் ஈரம்கூடத் தெரிந்தது. விழுந்துவிட்டது! ஒரே அமுக்கில், ஆடாமல்! "அம்மாடி" என்று வாய்விட்டே சொன்னாள். அந்தச் சத்தத்துக்கு ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டு எழுந்தது. சந்தோசம் என்றால் அப்படியொரு சந்தோசம். வெள்ளைப்பூ. நான்தான் சொன்னேனே, பனிதான், வெளிச்சம்தான், தூக்கமில்லாததுதான். என் கைக்கு ஒன்றுமில்லை. நாளைக்கு நானே எடுப்பேன். செம்போத்து எப்படிடா கத்தும், கண்ணு?

கொஞ்ச நேரம் அந்தச் சந்தோசத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மடையான் ஒரு அடி எடுத்து வைத்தது. நாமக்கோழிகள் திரும்பி வந்தன. வெயில் முதுகில் ஏறி ஸ்வெட்டர் கதகதவென்று ஆனது. இதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். பழக்கதோசம், பழைய படங்களைத் தள்ளிப் பார்க்கலாம் என்று பொத்தானை அமுக்கினாள். இன்றைக்கு எடுத்ததில் கீரிக்கு முன்னால் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து எடுத்தது அந்த ஒரு படம்தான் என்கிறது கேமரா. மடையான் இல்லை, வாலாட்டி இல்லை. பொய் சொல்லாத மிஷின், அதையும் பொய் சொல்லப் பழக்கியாயிற்று. அழித்ததெல்லாம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, அதெல்லாம் நடந்ததுதான். முதல் குத்து மடையானுக்கு. ரெண்டாவதும் மூணாவதும் வாலாட்டிக்கு. நாலாவதில் கிடைத்தது. நாலாவது குத்தில் நரம்பு கிடைத்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை 'முடிஞ்சுதா' என்று கேட்பானா? முதல் குத்திலேயே அவன் முகம் மாறும். வீரிட்டு அழமாட்டான், அவனைத் தெரியும், என்ன இப்படிப் பண்ணுறே என்று ஒரு பார்வை பார்ப்பான், மடித்துவிட்ட சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கிக்கொள்வான். அந்தப் பார்வையை எந்தப் பொத்தானை அமுக்கி அழிக்கிறது? கை ஆடினாலும் ஒரு தரம் ஆடாமல் விழும், விழுந்துதான் இருக்கிறது. அதற்காக, விழுகிறவரைக்கும் குத்திப் பார்க்க அவன் என்ன கொக்கா?

நினைப்பு இத்தனை நாள் சுற்றிய வட்டத்தை விட்டு நேரே வந்து நின்றது. நின்றதும், ஆச்சரியம், பயம் குறைந்தது. போகவில்லை, குறைந்தது. ரொம்ப நேரம் சுமந்த தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்தால் இடுப்பு வலி அப்போதுதான் தெரியும், ஆனாலும் இறக்கியாயிற்றே, அந்த மாதிரி. போனை எடுத்து முபீனாவைக் கூப்பிட்டாள். முபீனா ரத்தம் எடுக்கிற ரூமில் இவளுக்கு அடுத்தவள், மூணு வருசமாக இவள் பக்கத்து நாற்காலி. வேலை சுத்தம், ஆனால் பிள்ளைகளோடு பேசத் தெரியாது, அதனால் பிள்ளைகள் அவளைக் கண்டாலே அலறும்.

"சொல்லுங்கக்கா. குளத்துலயா இருக்கீங்க? பட்சி சத்தம் கேக்குது."

"ஆமா. முபீனா, நாளைக்குக் கவின் வர்றான்."

"தெரியுமேக்கா."

"அவனுக்கு நீ எடு."

அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பைச் சின்னதாக்கியிருக்க வேண்டும், சத்தம் அடங்கியது. "நான் எடுத்தா அழுவானேக்கா. உங்களத்தான் தேடுவான்."

"அழட்டும். நான் பக்கத்துல நின்னு அவனப் பிடிச்சுக்கறேன், பேசிக்கிட்டு இருக்கேன். நரம்பு எங்க இருக்குதுன்னு தடவிக் காட்டறேன். குத்தறது நீ. அழுதாலும் ஒரு குத்துக்கு அழுதான்னு போகட்டும். அவங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"சரிங்கக்கா."

வைத்துவிடலாம். பாதி சொன்னதே போதும், மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரல் போனின் சிவப்புப் பொத்தான்மேல் போய் நின்று ஆடியது. "முபீனா, இன்னொண்ணு. நாளைக்கு நரம்பு டாக்டர் ஓபி இருக்குதல்லோ? நீ முதல்ல போறியே, கவுண்டர்ல ஒரு சீட்டுப் போட்டு வெய்."

"யார் பேருக்குங்கக்கா?"

வீட்டுக்காரர் பேருக்கு என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நாச்சிமுத்து, வயசு ஐம்பத்தி நாலு, கைநடுக்கம். பாவம், அந்த மனுசனுக்குக் காபியும் அரை டம்ளர், வியாதியும் ஓசி. சொல்லியிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பாள், ஒரு பிசிறு இருந்திருக்காது.

"என் பேருக்குத்தான்" என்றாள்.

"சரிங்கக்கா. காலையில எட்டு மணிக்கே போட்டு வெச்சர்றேன். டாக்டரப் பாக்கறப்ப நானும் கூட வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வசந்தாமணி காத்திருந்தாள். என்னாச்சு, எதுக்கு, எப்பலேருந்து என்று வரும், வந்தால் என்ன சொல்லுவது என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குன்னு நீ கேக்கவே இல்லையே முபீனா?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். "புரட்டாசியில தைராய்டு பாக்கறதுக்கு உங்களுக்கு நாந்தானேக்கா ரத்தம் எடுத்தேன். அவ்வளவு நேரமும் உங்க கை என் கையிலதானேக்கா இருந்துச்சு."